வடுவிலே முளைத்த கரு

"டாக்டரம்மா! வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் பத்தேகாலுக்குள் எடுத்துவிட வேண்டுமாம். பத்தரைக்கு இராகுகாலம் பிறந்துவிடுகிறதாம். சோசியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்!"

மாமியார் சொல்கிறார். மாமனார் தலையசைக்கிறார். கணவனோ படித்தவன், கணிப்பொறியின் முன்னமர்ந்து கடல்கடந்த நாட்டார்க்குக் கணக்கெழுதித் தருபவன், அவன் கைப்பேசியிலே பஞ்சாங்கத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கட்டிலிலே கிடப்பவளை எவரும் எதுவும் கேட்டாரில்லை. அவளுக்கு இன்னும் வலி எடுக்கவில்லை. எடுக்கும்வரை பொறுத்திருக்கவும் அங்கே எவர்க்கும் மனமில்லை. மருத்துவர் நாட்குறிப்பைப் புரட்டுகிறார், புன்னகைக்கிறார், "ஆகட்டும்" என்கிறார். இராகு வருமுன் கத்தி வந்துவிடுகிறது. நல்ல ஓரையிலே பிறந்தான் பிள்ளை! சர்க்கரை வழங்கினர், சாதகம் எழுதினர், சோதிடருக்குத் தட்டு நிறையக் காணிக்கை தந்தனர்.

பிள்ளைக்குச் சாதகம் எழுதியாயிற்று. தாயின் வயிற்றிலே எழுதப்பட்ட வடுவை யார் படித்தார்?

வெளியே தெரியும் தையலுக்கு உள்ளே மற்றொரு தையல் இருக்கிறது, தோழர்களே! கருப்பையின் சுவரிலே, சிறுநீர்ப்பையை ஒட்டிய கீழ்ப்பகுதியிலே போடப்பட்ட தையல். பெரும்பாலான பெண்களிடம் அது ஒழுங்காக ஆறிவிடுகிறது. சிலரிடம் சதை முழுமையாகக் கூடாமல் சிறு பள்ளமாக நின்றுவிடுகிறது. அடுத்த முறை உருவாகும் கரு, மெத்தென்ற உள்வரியிலே ஊன்றவேண்டியது, வழிதவறி அந்தப் பள்ளத்திலே சென்று ஊன்றுவதும் உண்டு. வடுவிலே முளைத்த கரு அது! மெலிந்த நாரின்மீது வேர்விட்டு, சுவரைத் துளைத்து, சிறுநீர்ப்பைவரை கைநீட்டும். வளர இடமில்லை, ஆனாலும் வளரும். வளர வளர, தாய் ஒரு வெடியைச் சுமந்து நடமாடுகிறாள்.

இடந்தவறிய கர்ப்பம் என்ற பொதுப்பெயர் பலர்க்கும் தெரியும். நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு அவ்வாறு கருப்பையின் அறைக்கு வெளியே தங்கிவிடுகின்றன. அவற்றிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கருக்குழாயிலே நிகழ்வன. எஞ்சியவைதாம் அரியவை: குழாய் கருப்பைச் சுவரைத் துளைத்து நுழையும் மூலையிலே, சூலகத்திலே, கருப்பையின் வாயிலே, குடலும் கொழுப்பும் கிடக்கும் வயிற்றறையிலே, இப்போது நாம் பேசும் வடுவிலே. அரியது என்றதும் "அது நமக்கு வராது" என்று ஆறுதல் கொள்வார் உண்டு. வடுக் கர்ப்பம் ஏறத்தாழ இரண்டாயிரம் கர்ப்பங்களில் ஒன்று என்பர். பிள்ளைப்பேறு பல இலட்சமாக நடக்கும் ஒரு மாநிலத்திலே இரண்டாயிரத்தில் ஒன்று என்றால் எத்தனை பெண்கள்? கணக்குப் போட்டுப் பாருங்கள்; பஞ்சாங்கம் தேவையில்லை, பள்ளிக்கூடத்துப் பெருக்கல் வாய்பாடே போதும்.

இந்த நோயை மருத்துவ ஏட்டிலே முதன்முதல் பதிந்தது 1978ஆம் ஆண்டிலேதான், தென்னாப்பிரிக்க மருத்துவ இதழொன்றிலே. அதற்கு முன் நூற்றாண்டு நூற்றாண்டாக இடந்தவறிய கர்ப்பங்களை எழுதிவந்த மருத்துவர்கள் இதனை ஏன் எழுதவில்லை? வடு இல்லாத இடத்திலே வடுக் கர்ப்பம் எப்படி வரும்! கத்தி பெருகிற்று, வடு பெருகிற்று, வடுவிலே கருவும் வந்து சேர்ந்தது. 2019ஆம் ஆண்டு தொடங்கி 2021இலே முடிந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியா முழுமைக்கும் வயிற்றைக் கீறி எடுத்த பேறுகள் நூற்றுக்கு 21.5. தமிழ்நாட்டிலே 44.9. தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளிலே மட்டும் 63.8! நாட்டிலே நூற்றுக்குப் பத்தைத் தாண்டியபின், கூடுதலாகக் கீறுவதனால் தாய்சேய் மரணம் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2015ஆம் ஆண்டிலே அறிவித்தது. பத்துக்கும் அறுபத்துநாலுக்கும் இடையிலே எத்தனை வெள்ளிக்கிழமைகள், எத்தனை வளர்பிறைகள், எத்தனை மருத்துவர்களின் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுகள், எத்தனை ரசீதுகள் ஒளிந்துகிடக்கின்றன!

தவறாகக் கொள்ளவேண்டாம். கத்தியைப் பழிக்க வந்தவனல்லன் நான். குறுக்கே கிடக்கும் குழந்தை, வாயை அடைத்துக்கொண்ட நஞ்சு, துடிப்புத் தளரும் சிசு, வலிப்புக் காணும் தாய், இவர்களைக் காத்தது அந்தக் கத்தி. முன்னாளிலே அது இல்லாமையால் மூன்றுநாள் வலியிலே துடித்து மாண்ட பாட்டிமார் எத்தனையோ. தேவைக்கு எடுத்த கத்தி மருத்துவம்; தேதிக்கு எடுத்த கத்தி என்ன? "எப்படியும் அறுவைதான் என்று முடிவாகிவிட்டது; அந்த நாளை நல்ல நாளாகப் பார்த்துக்கொண்டால் என்ன நட்டம்?" என்று கேட்பார் உளர். அவர்கட்கு ஒரு கேள்வி: நாள் குறித்தபின் அறுவை முடிவாயிற்றா, அறுவை முடிவானபின் நாள் குறித்தீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். வலி எடுத்தால் இயல்பாகவே பெற்றிருக்கக்கூடியவளை, வலி எடுப்பதற்குள் மேசையிலே ஏற்றியது எது?

சரி, வடு விழுந்துவிட்டது. இனியேனும் அறிவு வேலை செய்கிறதா?

இரண்டாண்டு கழிகிறது. அவளுக்கு நாள் தள்ளிப்போகிறது. வீட்டிலே மகிழ்ச்சி, உடனே கட்டளையும் பிறக்கிறது: "மூன்று மாதம் முடியட்டும். யாரிடமும் மூச்சு விடாதே. கண் பட்டுவிடும்!" ஆறாவது வாரமும் ஏழாவது வாரமும் வாய்மூடிக் கிடக்கின்றன. அந்த இரண்டு வாரங்கள்தாம், தோழர்களே, வடுக் கர்ப்பத்தைக் கண்டுபிடிக்க ஏற்ற வாரங்கள்! அப்போது கருப்பை சிறியது. கரு எங்கே குந்தியிருக்கிறது என்பது படத்திலே தெளிவாகத் தெரியும். பத்தாவது வாரம் தாண்டினால் பை பெருத்து மேல்நோக்கி நகர்ந்து, ஒழுங்கான கர்ப்பம்போல் மருத்துவரையே ஏமாற்றும். கண் பட்டுவிடும் என்று மறைத்தார்கள். பட்டிருக்க வேண்டிய மருத்துவரின் கண் படாமலே போயிற்று.

எவ்வாறு கண்டறிவர்? யோனிவழி எடுக்கும் ஸ்கேன். அது வலிக்காது, குழந்தையைக் கெடுக்காது. "உள்ளே விட்டுப் பார்ப்பதா, ஐயோ!" என்று கூச்சப்படுவதற்கும் அதிலே ஏதுமில்லை. படத்திலே கருப்பையின் அறை வெறுமை. வாயின் வழியும் வெறுமை. கருவின் பையோ முன்பக்கம், கீழே, பழைய தையல் இருந்த இடத்திலே. அதற்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே சதை மெலிந்து தாள்போல் இருக்கும், சில நேரம் இல்லாமலும் இருக்கும். இரத்தவோட்டத்தை வண்ணத்திலே காட்டும் டாப்ளர் கருவி, அந்த இடத்திலே செந்நிறமும் நீலநிறமும் கொதிப்பதைக் காட்டும். ஒலியலையைக் கொண்டு வயிற்றினுள் பார்க்கலாம் என்று கிளாஸ்கோ நகரத்து அயன் டொனால்டு 1958ஆம் ஆண்டிலே உலகுக்குக் காட்டினார். அறுபத்தைந்து ஆண்டுக்கு மேலாயிற்று. ஒலியலை தெருவுக்குத் தெரு வந்துவிட்டது. "மூன்று மாதம் முடியட்டும்" என்ற வாக்கு மட்டும் போகவில்லை.

இனி, இருபெரும் தவறுகள். முதல் தவறு மருந்துக்கடையிலே. சீட்டின்றி, ஸ்கேன் இன்றி, கருக்கலைப்பு மாத்திரையை வாங்கி விழுங்கிவிடுகிறார்கள். அம்மாத்திரை கருப்பையின் அறையிலே உள்ள கருவைத்தான் வெளியேற்றும். குழாயிலும் மூலையிலும் இருப்பதை அது தொடாது. ஆனால் கருப்பையின் உள்வரி கழன்று உதிரம் போகும். உதிரத்தைக் கண்டதும் "கலைந்துவிட்டது" என்று நிம்மதி கொள்கிறாள். குழாயிலே இருப்பதோ வளர்ந்துகொண்டே போகிறது. சில நாளிலே வயிற்றிலே வாளால் குத்தியதுபோல் வலி, தலைசுற்றல், மயக்கம். தோள்பட்டை நுனியிலே ஒரு வலி. "வாயுப் பிடிப்பு" என்று சுக்குக் கசாயம் கொடுக்கிறார்கள்! வயிற்றுள் கொட்டிய குருதி உதரவிதானத்தை உறுத்தும்போது அந்த வலி தோளிலே தெரியும் என்று அவர்கட்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் தவறு மருத்துவமனையிலேயே நிகழ்வது. உதிரம் போகிறது என்று வருகிறாள். "பாதியிலே கலைந்திருக்கிறது, சுத்தம் செய்துவிடலாம்" என்று, எங்கே ஊன்றியது என்று பாராமலே, கரண்டியை விட்டுச் சுரண்டுகிறார்கள். வடுவிலோ வாயிலோ ஊன்றிய கருவைக் கண்மூடிச் சுரண்டினால் என்ன ஆகும்? கருப்பையின் மேற்பகுதி தசைமிகுந்தது. கருவை நீக்கியதும் சுருங்கி, இரத்தக்குழாய்களை நெரித்து, உதிரத்தை நிறுத்தும். வாயிலும் வடுவிலும் அத்தகைய தசை இல்லை. நெரிக்க ஆளில்லை; நிற்கவும் நிற்காது. குழாயைத் திறந்துவிட்டதுபோல் கொட்டும். இளம்பெண் ஒருத்தியின் உயிரைக் காக்கக் கருப்பையையே அகற்றவேண்டிய நிலை அப்போதுதான் வருகிறது.

இத்தனைக்கும் மருந்து இல்லையா? உண்டு. வேளையோடு கண்டால் பலவழி உண்டு. ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே மென்மையாக உறிஞ்சி எடுக்கலாம். ஊசிமுனையைக் கருப்பைக்குள்ளே செலுத்தி மருந்தை நேராகக் கருவின் பைக்குள்ளேயே இடலாம். சிறிய பலூனை ஊதி அந்த இடத்தை அழுத்தி வைக்கலாம். கருப்பைக்குச் செல்லும் இரத்தக்குழாயைத் தற்காலிகமாக அடைக்கலாம். சிறுதுளை அறுவையிலே கருவை எடுத்து, பழைய வடுவின் பள்ளத்தையும் வெட்டித் திருத்தித் தைத்துவிடலாம். எது ஏற்றது என்பது எத்தனை வாரம், எவ்வளவு ஆழம், உதிரம் போகிறதா, அவள் மேலும் பிள்ளை விரும்புகிறாளா என்பதைப் பொறுத்தது. "பார்த்துக்கொண்டே இருப்போம், தானாகச் சரியாகும்" என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. விட்டால் நஞ்சு வடுவைத் துளைத்து ஊன்றி, ஏழெட்டு மாதத்திலே கருப்பையோடு சேர்த்தே அறுத்தெடுக்க வேண்டிவரும்.

அந்த ஊசியிலே இடும் மருந்தின் பெயர் மெத்தோட்ரெக்சேட். அதன் கதையை நம் இளைஞர்கள் அறியவேண்டும். பீமாவரத்திலே 1895ஆம் ஆண்டு பிறந்த எல்லாப்பிரகடா சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியிலே படித்தவர். கதர் உடுத்தி வந்தார் என்ற குற்றத்துக்காக அறுவைப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, உரிய எம்.பி.பி.எஸ். பட்டம் மறுக்கப்பட்டு, தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறினார். பின்னர் அமெரிக்கா சென்றார். அங்கே லெடர்லி ஆய்வுக்கூடத்திலே அவர் தலைமையிலான குழுதான் ஃபோலிக் அமிலத்தை உருவாக்கிற்று. அதே குழு, அதற்கு எதிராக நின்று விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டையும் ஆக்கிற்று. கர்ப்பிணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலே தரும் மாத்திரை ஒன்று. இடந்தவறிய கருவைக் கரைக்கும் மருந்து மற்றொன்று. இரண்டும் ஒரே கூடத்திலே பிறந்த உடன்பிறப்புகள்! (அதனால்தான் பின்னதைத் தரும்போது முன்னதை நிறுத்தச் சொல்வார்கள்.) 1982ஆம் ஆண்டிலே ஜப்பானிய மருத்துவர்கள், கருப்பை மூலையிலே தங்கிய ஓர் அரிய கர்ப்பத்துக்கு முதன்முதல் இம்மருந்தைத் தந்து, கத்தியின்றிக் காத்தார்கள். சுப்பாராவ் அதைக் காணவில்லை, 1948இலேயே மறைந்தார். சாதகம் கணித்தவர்கட்குத் தெருத்தெருவாகப் பலகை தொங்குகிறது. அவர் பெயரைத் தம் ஊரிலே எத்தனைபேர் அறிவர்?

மருத்துவமும் தவறியதில்லையா என்று கேட்பீர்கள். தவறியது; நன்றாகவே தவறியது. 1881ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்திலே ஒரு பெண்ணுக்குக் குழாய் வெடித்துவிட்டது. வயிற்றைத் திறந்து குழாயைக் கட்டிவிடுங்கள் என்று உடன் மருத்துவர் கூறினார். அறுவை வல்லுநர் இலாசன் டெய்ட் மறுத்தார். அவள் மாண்டாள். பிணத்தை அறுத்துப் பார்த்தபோது, கட்டியிருந்தால் குருதி நின்றிருக்கும் என்பது கண்முன்னே தெரிந்தது. அவர் அதை மறைக்கவில்லை. 1883ஆம் ஆண்டிலே துணிந்தார். முதலிலே அறுவை செய்யப்பட்டவளும் பிழைக்கவில்லை. ஏன் என்று ஆராய்ந்து முறையை மாற்றினார். அதே ஆண்டு மார்ச்சுத் திங்களிலே மற்றொருத்தி பிழைத்தெழுந்தாள். அன்றிலிருந்து இன்றுவரை பிழைத்தவர்கள் எண்ணிலடங்கார். எந்தச் சோதிடனாவது, தான் குறித்த நாளிலே செத்த பெண்ணின் பிணத்தருகே நின்று, "என் கணக்கு எங்கே பிழைத்தது?" என்று தேடியதுண்டா? "விதி" என்பான், "முற்பிறப்பு" என்பான், அதற்கும் ஒரு பரிகாரம் சொல்லி அதற்கும் ஒரு கட்டணம் கேட்பான்.

இங்கே மட்டுமா இந்த இருள்? உரோமாபுரித் திருச்சபையின் விசாரணை மன்றம், முதிராத இடந்தவறிய கருவைத் தாயின் உடலிலிருந்து எடுக்கக்கூடாது என்று 1902ஆம் ஆண்டிலே தீர்ப்பளித்தது. பின்னர் அச்சபையின் அறிஞர்களே, குழாய் நோயுற்ற உறுப்பு, அதை அகற்றலாம் என்று ஒரு வாசலைத் திறந்துகொண்டார்கள். அதுவரை மாண்டவர்கள் மீளவில்லை. எல் சால்வடோர் நாட்டிலே 1998ஆம் ஆண்டிலே கருக்கலைப்பு முற்றாகத் தடைசெய்யப்பட்டபின், குழாயிலே கரு என்று தெரிந்தும், துடிப்பு அடங்கும்வரையோ குழாய் வெடிக்கும்வரையோ மருத்துவர்கள் காத்திருந்த கொடுமை செய்தியாக வெளிவந்தது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலே 2019ஆம் ஆண்டிலே சட்டமன்றத்தார் இன்னும் ஒருபடி மேலே சென்றார்கள்: குழாயிலிருக்கும் கருவைப் பெயர்த்தெடுத்துக் கருப்பையிலே நடுவது பற்றி மசோதாவிலேயே எழுதிவிட்டார்கள்! அப்படி ஒரு மருத்துவம் உலகிலே இல்லை. நாற்று நடவா நடக்கிறது? நம் நாட்டிலே 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், தாயின் உயிரைக் காக்க உடனடித் தேவை என்றால் வாரக்கணக்கு பாராமல் இடந்தருகிறது. நமக்குச் சட்டம் தடையில்லை, சகுனம்தான் தடை.

மற்ற அரிய வகைகளையும் ஒரு சொல் சொல்லிவிட வேண்டும். மூலைக் கர்ப்பம் வஞ்சகமானது: சுற்றியுள்ள தசை விரிந்து இடங்கொடுப்பதால் குழாயைவிடத் தாமதமாக, சில நேரம் மூன்றாம் மாதம் நெருங்கும்போது வெடிக்கும், வெடித்தால் பெருங்குழாய்களே கிழியும். கருப்பையிலே ஒன்று, குழாயிலே ஒன்று என இரட்டையாக வருவதும் உண்டு. இயற்கையாக முப்பதாயிரத்தில் ஒன்று என்பார்கள். சோதனைக்குழாய் முறையிலே கருத்தரிப்பவரிடம் அதனினும் மிகுதி. உள்ளே ஒன்றைக் கண்ட மகிழ்ச்சியிலே வெளியே தேடாமல் விட்டுவிடுவதுதான் அங்கே பிழை. தெருமுனைதோறும் கருத்தரிப்பு மையம் முளைத்திருக்கும் இக்காலத்திலே இதை மறக்கலாகாது. வயிற்றறைக் கர்ப்பத்திலோ நஞ்சு குடலைப் பற்றியிருக்கும். பிள்ளையை எடுத்தபின் அதைப் பிய்க்கப் போனால் குருதி வெள்ளம். அதனாலேயே பலவேளை அதை அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

வயிற்றறையிலே செத்த கரு சுண்ணாம்பேறிக் கல்லாய்ப் போவதும் உண்டு. பிரான்சின் சான்ஸ் நகரத்திலே 1582ஆம் ஆண்டு, இறந்த மூதாட்டி ஒருத்தியின் வயிற்றிலே இருபத்தெட்டு ஆண்டுகள் தங்கிய கற்குழந்தை கிடைத்தது. அது கைமாறிக் கைமாறிக் கடைசியிலே தென்மார்க்கு மன்னனின் காட்சிசாலையை அடைந்தது. அற்புதம் என்று வியந்தார்கள்! அவள் இருபத்தெட்டு ஆண்டுகள் பட்ட வயிற்றுவலியை எவர் விலைகொடுத்து வாங்கினார்? இன்றும் அப்படி ஒரு செய்தி வந்தால் "ஆண்டவன் திருவிளையாடல்" என்று எழுத ஏடுகள் காத்திருக்கின்றன.

படிப்பகத்திலே அமர்ந்து இதைப் படிக்கும் தோழர்களே! உங்கள் ஊரிலே முன்பு வயிறு கீறிப் பெற்றவள் எவளாயினும், நாள் தள்ளிய ஆறேழு வாரத்திலே அவளை ஸ்கேனுக்கு அழைத்துச் செல்லும் துணிவு உங்கள் வீட்டிலிருந்து தொடங்கட்டும். அறைக்குள் இல்லையென்றால் எங்கே என்று தேடச்சொல்லுங்கள். தெரியவில்லையென்றால் இரண்டு நாள் இடைவெளியிலே இருமுறை எச்.சி.ஜி. குருதிச் சோதனை செய்யக் கேளுங்கள். "பழைய தையல் இருக்கும் இடத்தைப் பார்த்தீர்களா?" என்று மருத்துவரிடம் கேட்பது அவமரியாதை அன்று. கர்ப்பிணிப் பதிவேட்டிலே முந்தைய அறுவை எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் செய்யுங்கள். கர்ப்பிணிக்கு மயக்கமும் தோள்வலியும் கண்டால், கசாய அடுப்பை அணைத்துவிட்டு 108ஐ அழையுங்கள். குருதிக்கொடையாளர் பட்டியல் ஒன்றை உங்கள் மன்றத்துச் சுவரிலே எழுதி வையுங்கள். வடு வெடித்தவளுக்கு ஒரு புட்டி போதாது. குருதிவகை எதிர்மறை என்றால், கருவை அகற்றியபின் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

மாமியார் மறுபடியும் சோதிடரிடம் புறப்படுகிறார் என்று கேள்வி. தடுக்க முடியாவிட்டால், போகட்டும். அவர் திரும்பி வருவதற்குள் நீங்கள் ஸ்கேன் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம்.